11 மணிக்கு வர்ற பசியும் அப்பப்ப வர்ற தலைப்புச் செய்தியும்

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் (நேரம் பாத்தோ நாள் பாத்தோ சாப்பாட்ட நிறுத்தி வைக்கற பழக்கம்) ஆரம்பிச்சு நாலு நாள் ஆன ஒருத்தர்கிட்ட காலைல 11 மணிக்குப் போய் பேச்சு குடுத்துப் பாருங்க, பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சும்மா சொல்லி வைக்கலன்னு புரியும். தலை லேசா வலிக்கும், பக்கத்து சீட்டுக்காரர் பிஸ்கட் பாக்கெட்ட பிரிக்கற சத்தம் இடி மாதிரி கேக்கும், ஒரே மெயில மூணு தடவை படிச்சாலும் மண்டைல ஏறாது. போதாக்குறைக்கு கரெக்டா அந்த நேரம் பாத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒரு லிங்க் தட்டுவாங்க, "இப்படி கிடந்தா ஹார்ட்டுக்கு ஆபத்தாம், பாத்துக்கோ"ன்னு. ரெண்டு மாசம் முன்னாடி "இத பண்ணா ஆயுசு கூடுமாம்"னு லிங்க் அனுப்பி நம்மள உசுப்பேத்தினதும் அதே ஆளாத்தான் இருப்பாரு.

உடம்பு இதுக்குப் பழகறது ஒரு வேலை, இதப் பத்தி வர்ற செய்திக்குப் பழகறது இன்னொரு வேலை. எனக்கு ரெண்டாவதுதான் கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா முதலாவது மூணு வாரத்துல முடிஞ்சுடுது.

மொதல்ல எதப் பத்தி பேசறோம்னு தெளிவா வச்சுக்கலாம், ஏன்னா பாதி குழப்பம் இங்கதான். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், சுருக்கமா ஐஎஃப்னு ஒரே பேர்ல நாலஞ்சு வேற வேற விஷயம் ஓடிட்டிருக்கு. ஒரு நாள்ல எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பாட்ட முடிச்சுட்டு மிச்சம் 16 மணி நேரம் தண்ணி, கடுங்காபி மட்டும்னு இருக்கறது 16:8. வாரத்துல அஞ்சு நாள் வழக்கம் போல சாப்பிட்டு ரெண்டு நாள் மட்டும் 500, 600 கலோரிக்குள்ள நிறுத்தறது 5:2, இது 2012ல மைக்கேல் மோஸ்லிங்கற டிவி தொகுப்பாளர் பிபிசில பண்ணின ஒரு நிகழ்ச்சிக்கு அப்பறம் உலகம் பூரா பரவினது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரொம்ப கம்மியா சாப்பிடறது இன்னொரு வகை. ட்விட்டர ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜாக் டார்சி 2019ல பேசி பேசி பிரபலமாக்கின, ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பாடு இன்னொன்னு. இதுல ஒரு வகையப் பத்தி வர்ற ஆராய்ச்சிய இன்னொரு வகை பண்றவங்க படிச்சுட்டு பயப்படறதும் குதிக்கறதும் தினமும் நடக்குது. இங்க நான் பெரும்பாலும் பேசறது 16:8, ஏன்னா வேலைக்குப் போற ஆளுங்க முக்கால்வாசி பேர் பண்றது அதத்தான்.

இந்த எட்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, அமெரிக்கால சால்க் இன்ஸ்டிட்யூட்ல சச்சிதானந்த பாண்டான்னு ஒரு விஞ்ஞானி இருக்கார், அவரோட குழு 2012ல எலிகள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ரெண்டு கூட்டம் எலி, ரெண்டுக்கும் ஒரே கொழுப்பு சாப்பாடு, ஏறக்குறைய ஒரே கலோரி. ஒரு கூட்டத்துக்கு எந்நேரமும் தட்டு திறந்திருக்கும், இன்னொன்னுக்கு எட்டு மணி நேரம் மட்டும். எந்நேரமும் கொறிச்ச எலி குண்டாச்சு, ஈரல்ல கொழுப்பு சேந்துச்சு, எட்டு மணி நேர எலி ஓரளவு தப்பிச்சுடுச்சு. அதுதான் விதை. ஆனா எலியோட ஒரு நாள் நம்மளோட ஒரு நாள் இல்ல, அது ஒரு நாள் சாப்பிடலன்னா அதோட எடைல பெரிய பங்கு போயிடும், அதனால எலிக்கு 16 மணி நேரம்ங்கறதும் நமக்கு 16 மணி நேரம்ங்கறதும் ஒன்னு கிடையாது. இந்த ஒரு வரிய செய்திகள்ல யாரும் போட மாட்டாங்க.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். சாப்பிட்ட மாவுச்சத்துல ஒரு பங்க ஈரல் கிளைகோஜனா சேத்து வைக்கும், சுமாரா 100 கிராம். வீட்ல அவசரத்துக்கு வச்சிருக்கற சில்லறைக் காசு மாதிரி. ராத்திரி தூங்கும்போது ரத்தத்துல சர்க்கரை குறையாம பாத்துக்கறது இந்த சில்லறைதான். அது தீர தீர உடம்பு கொழுப்ப எடுத்து கீட்டோன்னு ஒரு மாற்று எரிபொருளா மாத்தி செலவு பண்ண ஆரம்பிக்கும். இந்த மாற்றம் கடைசியா சாப்பிட்டதுல இருந்து 12 மணி நேரத்துலயும் வரலாம் 36 மணி நேரமும் ஆகலாம், நீங்க ராத்திரி எவ்ளோ சாப்பிட்டீங்க, எவ்ளோ நடந்தீங்கங்கறதப் பொறுத்தது. ஆக 16 மணி நேரம்ங்கறது வாசப்படிய தொட்டுட்டு வர்ற தூரம்தான், உள்ள போய் உக்கார்ற தூரம் இல்ல.

இது ஃபோன்ல இருக்கற ஃபாஸ்டிங் ஆப்புக்குத் தெரியாது. 16 மணி நேரம் ஆச்சுன்னா டக்குனு ஒரு கலர் மாறி "ஆட்டோஃபேஜி தொடங்கிடுச்சு"ன்னு வாழ்த்து சொல்லும். ஆட்டோஃபேஜிங்கறது செல் தன்னோட பழைய உதிரி பாகங்கள தானே பிரிச்சு திரும்ப உபயோகிக்கற வேலை, பேர் வச்சவர் கிறிஸ்டியன் டி டூவ், 1963ல. அது எப்படி நடக்குதுன்னு ஈஸ்ட் செல்ல வச்சு கண்டுபிடிச்சதுக்கு யோஷினோரி ஓசுமிக்கு 2016ல நோபல் குடுத்தாங்க. அந்த நோபல் அறிவிப்பு வந்ததுல இருந்து "ஃபாஸ்டிங்குக்கு நோபல் பரிசு"ன்னு ஒரு ஃபார்வர்ட் சாகாம சுத்திட்டிருக்கு. பரிசு ஈஸ்ட்ல நடந்த செல் ஆராய்ச்சிக்கு, காலை டிபன் சாப்பிடாம இருந்தவங்களுக்கு இல்ல. நம்ம உடம்புல அது இப்ப எவ்ளோ நடக்குதுன்னு காட்டற சாதாரண லேப் டெஸ்ட் எதுவும் கிடையாது, அப்பறம் ஆப் மட்டும் எத வச்சு சொல்லுது? கடிகாரத்த வச்சுதான்.

ஆனா கடிகாரம்ங்கற அந்த வார்த்தைய பிடிச்சுக்கோங்க, அது பசிக்கும் பொருந்தும். கிரெலின்னு ஒரு ஹார்மோன், 1999ல ஜப்பான்ல கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடிச்சது, இரைப்பைல சுரந்து மூளைக்கு "சாப்பாட்டு நேரம்"னு சொல்றது இதுதான். இதோட குணம் என்னன்னா வயிறு காலியா இருக்கறத மட்டும் பாத்து ஏறாது, நீங்க வழக்கமா எத்தன மணிக்கு சாப்பிடுவீங்களோ அதுக்கு கொஞ்சம் முன்னாடி ஏறும். இன்னொரு குணம், சாப்பிடலன்னாலும் கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். பசி நேர்கோடா ஏறிட்டே போகும், ஆறு மணிக்கு இவ்ளோன்னா பத்து மணிக்கு செத்தே போயிடுவோம்னுதான் நாம எல்லாரும் நினைக்கறோம், ஆனா அது அலை மாதிரி வந்துட்டு போகுது. வருஷக்கணக்கா காலைல எட்டரைக்கு சாப்பிட்டவருக்கு எட்டேகாலுக்கு அலாரம் அடிக்கும், அடிச்சதும் போய் சாப்பிடலன்னா அது ஒரு அரை மணி முக்கா மணி கத்திட்டு அடங்கும். மறுநாளும் கத்தும். பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல அந்த அலாரம் புது நேரத்துக்கு தானா நகந்துடும். மன உறுதி அது இதுன்னு பெரிய வார்த்தையெல்லாம் தேவையில்ல, அலாரம் மாறற வரைக்கும் காத்திருக்கறதுதான் பழகறதுங்கறது. இதுல ஒரே கண்டிஷன், நேரத்த தினமும் மாத்தக்கூடாது. திங்கக்கிழமை 12 மணி, செவ்வாய் 10 மணி, புதன் மீட்டிங்ல மாட்டி 3 மணின்னு போனா கிரெலினுக்கு எந்த நேரத்த கத்துக்கறதுன்னே தெரியாது, நீங்க தினமும் முதல் நாள்லயே இருப்பீங்க.

தலைவலிக்கு பசி காரணம்னு நினைச்சு பாதி பேர் நாலாவது நாள் விட்டுடறாங்க. உண்மையான காரணம் பல தடவை வேற. ஒன்னு காபி. பால் சக்கரை போட்ட காபிய காலைல நிறுத்தறேன்னு மொத்தமா காபியவே நிறுத்திட்டா, கடைசி காபிக்கு அப்பறம் 12ல இருந்து 24 மணி நேரத்துல கேஃபின் இல்லாத தலைவலி வந்து நிக்கும், அதுக்கும் ஃபாஸ்டிங்குக்கும் சம்பந்தமே இல்ல. கடுங்காபி குடிங்க, பழி தீரும். இன்னொன்னு உப்பு. இன்சுலின் குறைஞ்சா கிட்னி சோடியத்த வழக்கத்த விட கூட வெளிய தள்ளும், கூடவே தண்ணியும் போகும், அதனாலதான் எழுந்து நிக்கும்போது ஒரு கிறுகிறுப்பு. வெறும் தண்ணிய மட்டும் லிட்டர் லிட்டரா குடிச்சா இது சரியாகாது, சாப்பிடற நேரத்துல உப்பு ரொம்ப கம்மியாகாம பாத்துக்கணும் (பிபிக்கு மாத்திர சாப்பிடறவங்க இத என் பேச்ச கேட்டு பண்ணாம டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க).

இதே தண்ணிதான் முதல் வாரத்துல எல்லாரையும் ஏமாத்தறதும். ஒரு கிராம் கிளைகோஜன் தன்கூட சுமாரா மூணு கிராம் தண்ணிய கட்டி வச்சிருக்கும், அது கரையும்போது தண்ணியும் கிளம்பிடும், மெஷின்ல ஒன்றர கிலோ குறைஞ்சிருக்கும், நாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். ரெண்டாவது வாரம் ஒன்னும் குறையாது, மூணாவது வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா ஒரு கிலோ ஏறி இருக்கும், மனசு ஒடிஞ்சுடும். ஏறினதும் தண்ணிதான், இறங்கினதும் தண்ணிதான், கொழுப்பு இந்தக் கூத்தயெல்லாம் பாத்துட்டு மெதுவா ஒரு ஓரமா கரைஞ்சிட்டிருக்கும்.

அப்ப ஐஎஃப் வேலை செய்யுதுன்னா எப்படி செய்யுது? என் கணிப்புல பதில் ராத்திரில இருக்கு. மேல சொன்ன பாண்டா குழு 2015ல 150 பேருக்கு மேல ஃபோன் ஆப் குடுத்து வாய்ல போடற எல்லாத்தயும் மூணு வாரம் போட்டோ எடுக்கச் சொன்னாங்க. கேட்டா எல்லாரும் மூணு வேளைன்னுதான் சொல்வாங்க, போட்டோவ பாத்தா பாதிப் பேருக்கு மேல ஒரு நாள்ல 14 மணி 45 நிமிஷத்துக்கும் அதிகமா சாப்பிட்டுட்டே இருக்காங்க. தூங்கற நேரம் தவிர வாய் ஓய்வே எடுக்கல. கண்ண மூடி உங்க நேத்து ராத்திரிய நினைச்சுப் பாருங்க, சாப்பாடு எட்டரைக்கு முடிஞ்சிருக்கும், அப்பறம் சோபால ஃபோனோட உக்காந்து போர் செய்தி, தேர்தல் செய்தி, எங்கயோ வெள்ளம், எங்கயோ ஆட்குறைப்பு, கமென்ட்ல யாரோ யாரையோ திட்றது, இதெல்லாம் விரல் தள்ளிட்டே போகும், இன்னொரு கை தானா ஏதோ ஒரு டப்பாக்குள்ள போய்ட்டு வரும். அது பசியே இல்ல, பதட்டம். மனசு கலங்கினா வாய் எதையாவது தேடும், அதுலயும் இனிப்பும் பொரிச்சதும்தான் தேடும். 16:8 பண்றவங்க எட்டு மணிக்கு கடைய மூடறாங்கன்னா போற கலோரில பெரும் பங்கு இந்த டப்பா கலோரிதான்.

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்ற ஒரே யோசனை, காலைல எப்ப சாப்பாட்ட தொடங்கறதுன்னு யோசிக்காதீங்க, ராத்திரி எப்ப முடிக்கறதுன்னு யோசிங்க. முடிச்சதும் பல் தேச்சுடுங்க, ஃபோன அடுத்த ரூம்ல சார்ஜ் போடுங்க. நான் முதல் வாரம் காலைல மட்டும் வீரமா இருந்துட்டு ராத்திரி செய்தி பாத்துக்கிட்டே பத்தே முக்காலுக்கு ஏதோ மென்னுட்டிருந்தேன், மறுநாள் 12 மணிக்கு "16 மணி நேரம்"னு நானே கணக்கு காட்டிக்கிட்டேன். பதிமூணேகால்.

வீட்டோட சேந்து இருக்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல். உடம்புக் கடிகாரத்தப் பாத்தா சீக்கிரமா சாப்பிட்டு சீக்கிரமா முடிக்கறதுதான் நல்லதுன்னு ஒரு கருத்து உண்டு, 2018ல வந்த ஒரு சின்ன ஆய்வுல சர்க்கரை நோயோட எல்லைல இருந்த எட்டு ஆம்பளைங்க மதியம் மூணு மணிக்கு முன்னாடியே கடைசி சாப்பாட்ட முடிச்சப்ப, எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்யறதும் பிபியும் மேம்பட்டுச்சு. அந்த எட்டு பேர வச்சு எத்தன ஆயிரம் வீடியோ வந்துச்சுன்னு கணக்கு இல்ல. 2025ல ஜெர்மனில 31 பெண்கள வச்சு, கலோரிய மாத்தாம, சீக்கிர எட்டு மணி நேரம், லேட்டான எட்டு மணி நேரம்னு ரெண்டயும் பாத்தாங்க, ரெண்டுலயும் இன்சுலின் விஷயத்துல சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல. இதுவும் சின்ன ஆய்வுதான், ஒவ்வொன்னும் ரெண்டே வாரம்தான், இத வச்சும் முடிவு கட்டிட முடியாது. ஆனா மூணு மணிக்கு சாப்பிட்டு முடிச்சுட்டு ராத்திரி எல்லாரும் சாப்பிடும்போது சும்மா உக்காந்திருக்கற வாழ்க்கைய எத்தன நாள் ஓட்ட முடியும்? வேற வகைக்கு எடுத்த கணக்கு ஒன்னு இருக்கு, 2017ல வந்த ஒரு வருஷ ஆய்வு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஃபாஸ்டிங் பண்ணவங்கள்ல 38 சதவீதம் பேர் பாதில விட்டுட்டாங்க, தினமும் அளவா சாப்பிட்டவங்கள்ல விட்டது 29 சதவீதம். எடை ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைஞ்சுச்சு. கூட இருக்கறவங்க சாப்பிடற வேளைல ஒன்னையாவது உங்க விண்டோக்குள்ள, அதாவது நீங்க சாப்பிடற அந்த எட்டு மணி நேரத்துக்குள்ள, வச்சுக்கோங்க, இல்லன்னா பசிக்கு முன்னாடி தனிமை தோக்கடிச்சுடும்.

இப்ப அந்த வாட்ஸ்அப் லிங்க்குக்கு வருவோம். 2024 மார்ச்ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கூட்டத்துல ஒரு ஆய்வுச் சுருக்கம் வெளிய வந்துச்சு, எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிடறவங்களுக்கு இதய நோயால சாகற அபாயம் 91 சதவீதம் அதிகம்னு. உலகம் பூரா தலைப்புச் செய்தி ஆச்சு. ஆய்வுல இருந்தது அமெரிக்கால கிட்டத்தட்ட 20,000 பேர். அவங்கள யாரும் ஃபாஸ்டிங் பண்ணச் சொல்லல. என்ன சாப்பிட்டீங்க எப்ப சாப்பிட்டீங்கன்னு ரெண்டு நாளுக்கான விவரத்த கேட்டு எழுதிக்கிட்டாங்க, அப்பறம் பல வருஷம் கழிச்சு யார் இறந்தாங்கன்னு பதிவேட்டுல பாத்தாங்க. ரெண்டே நாள். அந்த ரெண்டு நாள் ஒருத்தர் எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டிருந்தா அவர் ஐஎஃப் பண்றவர்தானா? உடம்பு முடியாம பசியே எடுக்காம இருந்திருக்கலாம், ரெண்டு வேலை பாத்து சாப்பிட நேரம் இல்லாம ஓடியிருக்கலாம், கைல காசு இல்லாம இருந்திருக்கலாம், இந்த மூணுமே தனியாவே இதயத்துக்கு கெடுதல். சம்பந்தம் இருக்குன்னு காட்டறது வேற, இதனாலதான் அதுன்னு காட்டறது வேற. அதுக்காக குப்பைல போடவும் சொல்லல, ஏற்கனவே இதய நோய் இருக்கறவங்க குறுகின விண்டோவ இஷ்டத்துக்கு ஆரம்பிக்காம இருக்க இது போதுமான காரணம்.

எனக்கு அத விட யோசிக்க வச்சது 2020ல வந்த இன்னொரு ஆய்வு. சான் பிரான்சிஸ்கோல, 116 பேர், குலுக்கல் முறைல ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் மட்டும் சாப்பாடு, இன்னொரு பாதிக்கு வழக்கம் போல மூணு வேளை. 12 வாரம் முடிஞ்சப்ப ஃபாஸ்டிங் ஆளுங்க சராசரியா 0.94 கிலோ குறைஞ்சாங்க, வழக்கம் போல சாப்பிட்டவங்க 0.68 கிலோ. வித்தியாசம்னு சொல்லிக்க ஒன்னுமில்ல. நேர்ல வரவச்சு ஸ்கேன் பண்ணி பாத்தவங்கள்ல, ஃபாஸ்டிங் பண்ணவங்களுக்கு குறைஞ்ச எடைல பெரும்பங்கு கொழுப்பு இல்லாத திசு, அதுல தசையும் சேத்தி. இந்த ஆய்வ நடத்தின குழுல இருந்த டாக்டர் ஈதன் வெய்ஸ் தானே பல வருஷமா 16:8 பண்ணிட்டிருந்தவர், முடிவப் பாத்ததும் விட்டுட்டு திரும்ப காலைல சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு. தன் ஆய்வே தன் பழக்கத்துக்கு எதிரா வந்தப்ப மாத்திக்கிட்ட ஆள், இந்தத் துறைல அது அபூர்வம்.

ஆனா கவனிங்க, அந்த ஆய்வுல எவ்ளோ சாப்பிடணும், என்ன சாப்பிடணும்னு எதுவும் சொல்லல, உடற்பயிற்சியும் சொல்லல. விண்டோ திறந்ததும் காஞ்ச மாடு கம்புல பாஞ்ச மாதிரி சாப்பிட்டா கடிகாரத்தால என்ன பண்ண முடியும். 2022ல சீனால குவாங்சோல 139 பேர வச்சு ஒரு வருஷம் பாத்ததுல, ரெண்டு கூட்டத்துக்கும் கலோரி குறைப்பு ஒன்னுதான், ஒரு கூட்டத்துக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடும் சேத்தி. நேரக் கட்டுப்பாடும் இருந்தவங்க 8 கிலோ, இல்லாதவங்க 6.3 கிலோ குறைஞ்சாங்க, புள்ளிவிவரப்படி ரெண்டும் ஒன்னேதான்னு சொல்லிட்டாங்க. 2025ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல 99 ஆய்வுகள சேத்து பாத்தப்பவும் கதை அதேதான், கலோரி குறைக்கறதும் ஐஎஃப்பும் கிட்டத்தட்ட ஒரே பலன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வகை மட்டும் சுமாரா 1.3 கிலோ முன்னால. ஆக ஐஎஃப் கம்மியா சாப்பிட ஒரு வழி, அவ்ளோதான். கலோரி எண்ண பிடிக்காதவங்களுக்கு கடிகாரத்த பாக்கறது ஈஸி. எண்றது ஈஸின்னு நினைக்கறவங்களுக்கு இது தேவையே இல்ல.

தசை விஷயத்துக்கு மருந்து தெரிஞ்சதுதான், விண்டோக்குள்ள புரதத்த முதல்ல சாப்பிடுங்க, வாரத்துல ரெண்டு மூணு நாள் எடை தூக்குங்க. இத இவ்ளோ சுருக்கமா சொல்றதுக்கு காரணம் இதுல சண்டை போட ஒன்னும் இல்லங்கறதுதான்.

நடுவுல இன்னொரு செய்தி அலையும் வந்து எல்லாத்தயும் அடிச்சுட்டு போயிடுச்சு, எடை குறைக்கற செமாகுளூட்டைட் ஊசி. 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சதுன்னு 2021ல பெரிய ஆய்வு வந்ததும், ஐஎஃப்ல ஒரு வருஷம் பாடுபட்டு ஆறேழு சதவீதம் குறைச்சவங்களுக்கு முகம் சுருங்கிடுச்சு. ரெண்டயும் ஒரே பந்தயத்துல ஓட விடறது தப்புன்னு நினைக்கறேன், ஒன்னு டாக்டர் எழுதித் தர்ற மருந்து, இன்னொன்னு ராத்திரி டப்பாவ மூடற பழக்கம். ரெண்டயும் சேத்து பண்றவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், ஊசியே பசிய அடக்கிடும், அதுக்கு மேல விண்டோவயும் சுருக்கினா புரதம் உள்ள போகவே இடம் இருக்காது.

தீவிரமா போறவங்க எப்பவும் ஆங்கஸ் பார்பியரி கதைய எடுப்பாங்க. ஸ்காட்லாந்துக்காரர், 1965, 66ல 382 நாள் சாப்பாடே இல்லாம இருந்து 207 கிலோல இருந்து 82 கிலோ ஆனவர், உண்மைதான். அவர் டண்டீல டாக்டருங்க கண்காணிப்புல, வைட்டமின், பொட்டாசியம் எல்லாம் எடுத்துக்கிட்டு, திரும்ப திரும்ப ரத்தம் சோதிச்சு பண்ணாருங்கறத விட்டுட்டு சொல்வாங்க. எனக்கு அத விட 1944, 45ல ஆன்சல் கீஸ்ங்கற விஞ்ஞானி அமெரிக்கால மினசோட்டால 36 இளைஞர்கள அரை வயித்தோட ஆறு மாசம் வச்சுப் பாத்த சோதனைதான் ஞாபகம் வரும். நல்ல திடமான பசங்க, கொஞ்ச மாசத்துல சமையல் புஸ்தகத்த கதை புஸ்தகம் மாதிரி படிக்க ஆரம்பிச்சுட்டாங்க, சிடுசிடுப்பு, சோர்வு, வேற எதுலயும் நாட்டமில்ல. 16:8 அவ்ளோ கொடுமை இல்ல, ஆனா மத்தியானம் பூரா சாப்பாட்டு வீடியோவா பாத்துட்டிருக்கீங்கன்னா அந்தப் பசங்கள நினைச்சுக்கோங்க.

இன்சுலினோ சர்க்கரைய வேகமா இறக்கற மாத்திரையோ எடுத்துக்கறவங்க, கர்ப்பிணிங்க, பால் குடுக்கறவங்க, வளர்ற வயசு பசங்க, சாப்பாட்டோட ஏற்கனவே மனப் போராட்டம் இருந்தவங்க, எடை ஏற்கனவே கம்மியா இருக்கறவங்க, இவங்களுக்கு இந்தக் கட்டுரைல இதுவரைக்கும் சொன்னது எதுவும் பொருந்தாது, டாக்டர்கிட்ட பேசாம தொடவே வேண்டாம்.

மத்தவங்களும் மூணு வாரம் தாண்டியும் பழகலன்னா உடம்பு ஏதோ சொல்லுதுன்னு எடுத்துக்கணும். மாதவிடாய் தள்ளிப் போகுது, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது, வார நாள் பூரா கட்டுப்பாடா இருந்துட்டு ஞாயித்துக்கிழமை நிறுத்த முடியாம சாப்பிடறீங்க, யாராவது சாப்பிடக் கூப்பிட்டா எரிச்சல் வருது, இதுல ஒன்னு வந்தாலும் விண்டோவ விரிச்சுடுங்க. 12 மணி நேரம் போதும். ராத்திரி எட்டுக்கு முடிச்சு காலைல எட்டுக்கு சாப்பிட்டா அதுவும் 12 மணி நேர ஃபாஸ்டிங்தான், பாதிய தூங்கியே கழிச்சுடலாம், ஆப்பும் வேணாம்.